ஹிட்லரின் 'டைகர்' டாங்கியை எதிரிகளே பத்திரப்படுத்தியது ஏன்? - 131-ம் எண் டாங்கியின் கதை

இங்கிலாந்தின் தென்பகுதியில் டோர்செட் மாவட்டம். அங்கே போவிங்டன் என்ற சின்ன ஊர். ராணுவ முகாமையும் அதை ஒட்டிய டாங்கி அருங்காட்சியகத்தையும் தவிர பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத அந்த ஊரில், ஆண்டில் ஒருசில நாள்கள் மட்டும் கூட்டம் அலைமோதும். அந்த நாள்களுக்குப் பெயர் 'டைகர் டே'.

தாத்தாக்கள் மடக்கு நாற்காலியோடு வருவார்கள். குழந்தைகள் அப்பாவின் தோளில் ஏறிக்கொள்ளும். மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து உறுமல் கேட்கும். இரும்புச் சங்கிலிப் பட்டைகள் கிறீச்சிட, மணல் நிறத்தில் ஒரு டாங்கி மெதுவாக உருண்டு வரும். அதன் பக்கவாட்டில் சிவப்பு நிறத்தில் '131' என்ற எண்.

57 டன் எடை. ஒரு டஜன் யானைகளை ஒன்றாக நிறுத்தினால் வரும் கனம். இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் ராணுவம் பயன்படுத்திய 'டைகர்' வகை டாங்கி இது. இன்று உலகம் முழுவதும் மிஞ்சியிருக்கும் டைகர்-1 டாங்கிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் இப்படி சொந்தக் காலில் நடமாடும் நிலையில் இருப்பது அரிதிலும் அரிது.

யாரைக் கொல்ல இந்த டாங்கி செய்யப்பட்டதோ, அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அதைச் சுற்றி நின்று செல்போனில் படம் பிடிக்கிறார்கள். எதிரியின் ஆயுதத்தை, அதுவும் நாஜிகளின் ஆயுதத்தை, இவ்வளவு பணமும் உழைப்பும் போட்டு ஏன் காப்பாற்ற வேண்டும்? காப்பாற்றுவது என்றால் அதை ஓட்டிக் காட்டுவதா, தொடாமல் வைத்திருப்பதா? இந்தக் கேள்விகளுக்கு அருங்காட்சியகங்கள் இன்றும் பதில் தேடிக்கொண்டிருக்கின்றன.

'விவசாய டிராக்டர்' என்ற பெயரில்...

டாங்கியைக் கண்டுபிடித்தது ஜெர்மனி அல்ல, பிரிட்டன். முதல் உலகப்போரில், 1916-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலில் இறங்கியது. பதுங்குகுழிகளையும் முள்கம்பி வேலிகளையும் ஏறி மிதித்துக்கொண்டு வந்த அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்துத் திகைத்த ஜெர்மனி, அவசர அவசரமாகத் தனக்கென ஒன்றைச் செய்தது. அதன் பெயர் 'ஏ7வி'. சுமார் 30 டன் எடை. உள்ளே 18 பேருக்கும் மேல் நெருக்கியடித்து உட்கார வேண்டும். இன்ஜின் சூடும் புகையும் அவர்களோடு சேர்ந்தே இருக்கும். நூற்றுக்கணக்கில் செய்யும் வசதி ஜெர்மனியிடம் இல்லை. மொத்தம் 20 ஏ7வி டாங்கிகள்தான் தயாராயின.

1918-ல் ஜெர்மனி தோற்றது. அடுத்த ஆண்டு கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தம், 'இனி ஜெர்மனி டாங்கிகளைச் செய்யவோ வைத்திருக்கவோ கூடாது' என்று தடை போட்டது.

தடை காகிதத்தில் இருந்தது. ஜெர்மன் ராணுவம் பயிற்சியின்போது கார்களின் மேல் அட்டையையும் துணியையும் போர்த்தி, டாங்கி மாதிரி ஓட்டிப் பழகியது. இன்னொரு பக்கம், சோவியத் ரஷ்யாவின் கசான் நகருக்கு அருகே 'காமா' என்ற ரகசியப் பயிற்சிப் பள்ளி 1929 முதல் 1933 வரை நடந்தது. அங்கே கொண்டுபோய் சோதித்த டாங்கிகளுக்கு வைத்த சங்கேதப் பெயர் 'டிராக்டர்'. பின்னர் ஹிட்லர் ஆட்சியில் பெரும் எண்ணிக்கையில் தயாரான முதல் டாங்கியான 'பான்சர் 1' கூட, தொடக்கத்தில் 'விவசாய டிராக்டர்' என்ற பெயரில்தான் ஆவணங்களில் நடமாடியது.

1935-ல் ஹிட்லர் ஒப்பந்தத்தை வெளிப்படையாகவே மீறினார். 1939-ல் போலந்து, 1940-ல் பிரான்ஸ். ஜெர்மன் டாங்கிகள் புயலாகப் பாய்ந்தன என்று படித்திருப்போம். உண்மையில் 1940-ல் ஜெர்மனியிடம் இருந்தவற்றில் பெரும்பகுதி சிறிய, மெல்லிய கவசம் கொண்ட டாங்கிகள். செக்கோஸ்லோவாகியாவை விழுங்கியபோது கைப்பற்றிய டாங்கிகளும் அதில் அடக்கம். பிரெஞ்சு டாங்கிகள் பல, கவசத்திலும் பீரங்கியிலும் அவற்றைவிட வலுவானவை. ஜெர்மனியின் பலம் வேறு இடத்தில் இருந்தது. டாங்கிகளுக்கு ரேடியோ கொடுத்திருந்தார்கள். தனித்தனியாகப் பிரித்து அனுப்பாமல், விமானப்படையோடு சேர்த்து ஒரே இடத்தில் குவித்து அடித்தார்கள்.

டைகர் பிறந்த கதை

1941-ல் ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது ஜெர்மனிக்கு அதிர்ச்சி காத்திருந்தது. ரஷ்யாவின் டி-34, கேவி டாங்கிகளின் மேல் பட்ட ஜெர்மன் குண்டுகள் பல, சுவரில் எறிந்த பந்துபோலத் திரும்பின. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கனரக டாங்கித் திட்டம் வேகம் பிடித்தது. போட்டியிட்ட இரண்டு நிறுவனங்களில் ஒன்று போர்ஷே, மற்றொன்று கஸ்ஸல் நகரத்தின் ஹென்ஷெல். ஹென்ஷெல் வென்றது. 1942-ல் டைகர் போர்க்களத்துக்கு வந்தது.

முன்பக்கக் கவசம் 100 மில்லிமீட்டர் தடிமன். 88 மில்லிமீட்டர் பீரங்கி. கமாண்டர், சுடுபவர், குண்டு நிரப்புபவர், டிரைவர், ரேடியோ ஆபரேட்டர் என ஐந்து பேர் உள்ளே. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நின்றபடியே எதிரி டாங்கியைத் துளைக்கும். நேச நாட்டு வீரர்களிடையே ஒருவித பீதியே பரவியது. தூரத்தில் எந்த ஜெர்மன் டாங்கி தெரிந்தாலும் 'டைகர்!' என்று அலறும் நிலை.

ஆனால், இந்தப் புலிக்குத் தீராத பசி. தொட்டியில் 540 லிட்டர் பெட்ரோல் ஊற்றினாலும் கரடுமுரடான பாதையில் சுமார் 100 கிலோமீட்டர்தான் போகும். சக்கரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி, தட்டுகளை அடுக்கியதுபோல அமைத்திருந்தார்கள். உள்ளே இருக்கும் ஒரு சக்கரம் கெட்டால், வெளியே இருக்கும் பல சக்கரங்களைக் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் சக்கரங்களுக்கு நடுவே சேறு உறைந்து வண்டியே நின்றுவிடும். ரயிலில் ஏற்றுவதென்றால் அதன் அகலம் இடித்தது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் அகலமான சங்கிலிப் பட்டையைக் கழற்றிவிட்டு, குறுகலான இன்னொன்றை மாட்ட வேண்டியிருந்தது.

மொத்தம் தயாரானவை சுமார் 1,350. அதே போரில் அமெரிக்கா செய்த ஷெர்மன் டாங்கிகள் ஏறக்குறைய 50,000. பழுது பார்க்க எளிதான, எண்ணிக்கையில் பெருகிய டாங்கிகள் முன்னால், அஞ்சவைக்கும் சில நூறு டாங்கிகளால் போரின் போக்கை மாற்ற முடியவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அது தொழில்நுட்ப அட்டவணைகளில் வராது. கஸ்ஸல் நகரின் ஹென்ஷெல் ஆலைகளில், ஜெர்மனி பிடித்த நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான மக்கள் கட்டாய வேலை வாங்கப்பட்டார்கள். ஆயுத ஆலைகள் இருந்ததாலேயே கஸ்ஸல் திரும்பத் திரும்பக் குண்டுவீச்சுக்கு ஆளானது. 1943 அக்டோபர் 22 இரவு நடந்த தாக்குதலில் மட்டும் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். டைகரின் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போனால், அது பாதிக் கதைதான்.

ஏப்ரல் 24, 1943

131-ம் எண் டாங்கி 1943-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஹென்ஷெல் ஆலையிலிருந்து வெளியே வந்தது. கடல் கடந்து வட ஆப்பிரிக்காவின் துனிசியாவுக்கு அனுப்பப்பட்டது. அதன் போர் வாழ்க்கை சில வாரங்கள்தான்.

ஏப்ரல் 24-ம் தேதி, 'கரியத் எல் அதாச்' என்ற குன்றில் பிரிட்டிஷ் படைகளோடு கடும் சண்டை. பிரிட்டிஷ் டாங்கி சுட்ட குண்டு ஒன்று டைகரின் பீரங்கிக் குழாயில் பட்டுத் தெறித்து, மேலே இருக்கும் பீரங்கிக் கூண்டுக்கும் உடம்புக்கும் இடையே போய்ச் செருகிக்கொண்டது. கூண்டைத் திருப்ப முடியவில்லை. திருப்ப முடியாத பீரங்கி இருந்தும் பயனில்லை. உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓடினார்கள்.

பொதுவாக டாங்கியைக் கைவிடும் வீரர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுத்தான் போவார்கள். இந்த முறை அது நடக்கவில்லை. நேச நாடுகள் தேடிக்கொண்டிருந்த பொருள், ஏறக்குறைய முழுசாக அவர்கள் கையில் விழுந்தது.

அடுத்த சில வாரங்களில் வட ஆப்பிரிக்கப் போரே முடிந்தது. மே 12-ம் தேதி அங்கிருந்த ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது இந்திய 4-வது டிவிஷனிடம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத வரலாறு.

துனிஸ் நகரில் வைத்து, மன்னர் ஆறாம் ஜார்ஜும் பிரதமர் சர்ச்சிலும் டைகரைச் சுற்றிப் பார்த்தார்கள். 1943 அக்டோபரில் அது கப்பலில் இங்கிலாந்து வந்தது. லண்டனின் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 'இதைப் பார்த்தா பயந்தீர்கள்? இதோ, பிடித்துவிட்டோம்' என்று சொல்லாமல் சொல்லும் காட்சி அது. பிறகு பொறியாளர்கள் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்தார்கள். எங்கே அடித்தால் துளைக்கும், எங்கே பலவீனம், டிரைவருக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று எல்லாம் அளந்தார்கள்.

1951-ல் டைகர் போவிங்டன் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த அருங்காட்சியகம் உருவானதற்குப் பின்னால், 'தி ஜங்கிள் புக்' எழுதிய ரட்யார்ட் கிப்ளிங்குக்கும் ஒரு பங்கு உண்டு. முதல் உலகப்போர் முடிந்ததும் போவிங்டன் முகாமில் நூற்றுக்கணக்கான டாங்கிகள் பழைய இரும்புக்குப் போகக் காத்துக் கிடந்தன. 1923-ல் அங்கே வந்த கிப்ளிங், 'இவற்றில் சிலவற்றையாவது எடுத்து வையுங்கள்' என்ற யோசனையைச் சொன்னார். அந்தப் பேச்சு இல்லாவிட்டால், இரும்புக்கடைத் தராசுக்கு இன்னும் எத்தனை போயிருக்குமோ.

ஒன்றின் இதயம் இன்னொன்றுக்கு

அடுத்த 40 ஆண்டுகள் டைகர் ஒரே இடத்தில் நின்றது. 1990-ல், 'இதை மீண்டும் ஓட வைப்போம்' என்று அருங்காட்சியகம் முடிவெடுத்தது.

டாங்கி ஏறக்குறைய முழுவதுமாகப் பிரிக்கப்பட்டது. அங்கேதான் முதல் சிக்கல். ஆராய்ச்சிக் காலத்தில், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக டைகரின் சொந்த இன்ஜினை வெட்டித் திறந்துவிட்டார்கள். ஓட வைக்க வேறு இன்ஜின் வேண்டும். கடையில் கிடைக்கும் பொருளா அது? அதே அருங்காட்சியகத்தில் நின்ற, டைகரின் தம்பியான 'கிங் டைகர்' டாங்கியிலிருந்து மேபக் இன்ஜினைக் கழற்றி இதற்குப் பொருத்தினார்கள்.

2003-ம் ஆண்டு டிசம்பரில் டைகர் மறுபடியும் பார்வையாளர்கள் முன் வந்தது. பெயின்ட் உட்பட மீதி வேலைகள் முடிய 2012 ஆகிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட வேலை. 2014-ல் வெளியான பிராட் பிட்டின் 'ஃபியூரி' படத்தில் வரும் ஜெர்மன் டாங்கி இதுதான். செட் அல்ல, கிராபிக்ஸ் அல்ல. நிஜமான டைகர்.

ஓடுவதைப் பார்க்க சந்தோஷம்தான். ஆனால், அருங்காட்சியகத் துறையில் இதைப் பற்றி இரண்டு கருத்துகள் எப்போதும் உண்டு.

ஒரு தரப்பு சொல்வது இது: ஒரு இயந்திரம் ஓடும்போதெல்லாம் தேய்கிறது. பல் சக்கரம் உடைந்தால் புதிதாகச் செய்து மாட்ட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், ஒருநாள் 1943-ன் டைகர் மறைந்து, டைகர் மாதிரியான ஒரு புது வண்டிதான் மிஞ்சும். நம் ஊர்க் கோயில்களில் பழைய கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடித்துப் 'புதுப்பித்த' கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கவலை உடனே புரியும்.

மறு தரப்பின் வாதம்: நிற்கும் டாங்கி வெறும் இரும்புப் பொம்மை. அதன் சத்தம், அதிர்வு, பெட்ரோல் நாற்றம், வளையத் திணறும் விதம் எல்லாம் சேர்ந்தால்தான் அதைப் புரிந்துகொள்ள முடியும். ஓட்டும் கலையும் பழுது பார்க்கும் கைப்பக்குவமும் ஓட்டினால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். இயங்காத இன்ஜினில் எண்ணெய் உறையும், ரப்பர் வெடிக்கும். உள்ளுக்குள் துரு பிடிப்பதே கண்ணுக்குத் தெரியாது.

போவிங்டன் நடுவழியைப் பிடித்திருக்கிறது. ஆண்டில் ஒருசில நாள்கள் மட்டும், கொஞ்ச நேரம், மெதுவாக ஓட்டுகிறார்கள். உள்ளே நவீன தீயணைப்புக் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். 1943-ல் குண்டு பட்ட வடுக்களை மட்டும் நிரப்பவில்லை. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

இரும்பு சரி... கதை தப்பு!

இவ்வளவு கவனமாக ஒவ்வொரு போல்ட்டையும் பாதுகாத்தவர்களிடம், ஒரு பெரிய தவறு பல ஆண்டுகளாக ஒளிந்திருந்தது.

மேலே சொன்ன கைப்பற்றிய நாளும் இடமும் நெடுங்காலம் அப்படிச் சொல்லப்படவில்லை. 'ஏப்ரல் 21-ம் தேதி, ஜெபல் ஜாஃபா என்ற இடத்தில் பிடிபட்டது' என்றுதான் புத்தகங்கள், வழிகாட்டிகள், ஆவணப்படங்கள் எல்லாவற்றிலும் இருந்தது. அங்கே நடந்த வேறொரு சண்டையோடு இந்த டாங்கியின் கதை கலந்துபோயிருந்தது.

கரியத் எல் அதாச் சண்டையில் இருந்த ஒரு வீரரின் மகன், அப்பா சொன்ன நினைவுகளோடு அருங்காட்சியகத்துக்கு வந்தார். அப்பா வர்ணித்த டைகர் சண்டை, கண்முன் நிற்கும் இந்த டாங்கியோடு அப்படியே பொருந்துவதைக் கவனித்தார். அதிலிருந்து தேடல் தொடங்கியது. 1943-ல் எடுத்த படங்களில் டாங்கிக்குப் பின்னால் தெரியும் மலைகளையும், துனிசியாவில் இன்றுள்ள நிலப்பரப்பையும் ஒப்பிட்டார்கள். ராணுவக் குறிப்புகளைத் திரும்பப் புரட்டினார்கள். முடிவில் அருங்காட்சியகம் தன் பதிவையே திருத்திக்கொண்டது.

மூன்று நாள் வித்தியாசம்தானே என்று தோன்றலாம். ஆனால், அந்தக் குன்றில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு அது மூன்று நாள் வித்தியாசம் அல்ல. தங்கள் வீட்டுப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்த சண்டையின் பெருமை, பல ஆண்டுகள் வேறோர் இடத்தின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. துருவைத் துடைக்கத் தெரிந்தால் போதாது, கதையில் படியும் துருவையும் துடைக்க வேண்டும் என்பதை டைகர் 131 காட்டிவிட்டது.

அதே நாள்... 25 ஆண்டுகளுக்கு முன்

திருத்தப்பட்ட தேதியில் யாரும் எதிர்பாராத ஓர் ஒற்றுமையும் இருக்கிறது. அதற்குச் சரியாக 25 ஆண்டுகளுக்கு முன், 1918-ம் ஆண்டு அதே ஏப்ரல் 24-ம் தேதி, பிரான்ஸின் வில்லர்ஸ்-பிரெட்டனு என்ற ஊரில் இன்னொரு ஜெர்மன் டாங்கி சிக்கியது. உலகின் முதல் டாங்கிக்கு டாங்கி சண்டை நடந்த நாள் அது. முதலில் பார்த்த 20 ஏ7வி டாங்கிகளில் ஒன்றான 'மெஃபிஸ்டோ', குண்டு விழுந்த பள்ளம் ஒன்றில் இறங்கி, ஏற முடியாமல் கைவிடப்பட்டது.

மெஃபிஸ்டோ என்பது ஜெர்மன் இலக்கியத்தில் வரும் சாத்தானின் பெயர். டாங்கியின் முகப்பில், பிரிட்டிஷ் டாங்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் சிவப்புச் சாத்தானின் படம் வரையப்பட்டிருந்தது. சில மாதங்கள் கழித்து, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வீரர்கள் இருட்டோடு இருட்டாக அதைப் பள்ளத்திலிருந்து இழுத்துவந்தார்கள். கப்பலேறி 1919-ல் பிரிஸ்பேன் நகரம் வந்தது. துறைமுகத்திலிருந்து அருங்காட்சியகம் வரை அதை இழுத்துச் சென்றவை, ரோடு போடும் இரண்டு நீராவி ரோலர்கள்!

பல பத்தாண்டுகள் அது வெட்டவெளியில், மழையிலும் வெயிலிலும் நின்றது. 2011-ல் பிரிஸ்பேனைப் புரட்டிப்போட்ட வெள்ளம் அதையும் விடவில்லை. ஊறிப்போன இரும்பைக் காய வைத்து, துருவை நிறுத்தி, சீராக்கி எடுத்தார்கள். இன்று குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 20 ஏ7வி டாங்கிகளில் உலகில் மிஞ்சியது மெஃபிஸ்டோ ஒன்றுதான். மற்றவை எல்லாம் பழைய இரும்பாகிவிட்டன.

தன் முதல் டாங்கியில் ஒன்றுகூட ஜெர்மனியிடம் இல்லை. 1980-களின் இறுதியில் ஜெர்மானியர்கள் ஒரு ஏ7வி மாதிரி வண்டியைச் செய்தபோது, அளவெடுக்க ஆஸ்திரேலியாவிலிருந்த மெஃபிஸ்டோதான் உதவியது.

ஒரு பாட்டில் மதுவும் ஒரு வீட்டு நிலவறையும்

பெல்ஜியத்தில் லா க்ளேஸ் என்று ஒரு கிராமம். 1944 டிசம்பரில், அமெரிக்கர்களிடம் சுற்றிவளைக்கப்பட்ட நாஜி எஸ்.எஸ் படைப்பிரிவு ஒன்று தன் வண்டிகளை அங்கே போட்டுவிட்டு நடந்தே தப்பியது. அதற்குச் சில நாள்கள் முன்பு, மால்மெடி அருகே 84 அமெரிக்கப் போர்க் கைதிகளைச் சுட்டுக் கொன்ற பிரிவு அது. அக்கம்பக்கத்து ஊர்களில் பொதுமக்களையும் கொன்றது.

போர் முடிந்ததும், கைவிடப்பட்ட டாங்கிகளை அமெரிக்கப் படையினர் பழைய இரும்புக்காக அள்ளிப்போனார்கள். அப்போது ஊர்ப் பெண்மணி ஒருவர் ஒரு பாட்டில் கொன்யாக் மதுவைக் கொடுத்து, ஒரு கிங் டைகரை மட்டும் விட்டுப்போகச் சொன்னார் என்று அங்கே சொல்கிறார்கள். தன் ஊரைச் சிதைத்தவர்களின் டாங்கி. இன்று அது அவ்வூர் அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று 2015-ல் ஜெர்மனியில் வெளிவந்தது. கீல் நகருக்கு அருகே ஒரு முதியவரின் பங்களாவைச் சோதித்த அதிகாரிகள், நிலவறையில் 'பாந்தர்' வகை டாங்கியைக் கண்டார்கள். கூடவே ஒரு விமான எதிர்ப்பு பீரங்கி, ஒரு டார்பிடோ! ராணுவத்தை வரவழைத்து, டாங்கியை வெளியே இழுக்கவே ஏறக்குறைய ஒன்பது மணி நேரமானது. போர் ஆயுதங்களை வைத்திருந்த வழக்கில், 2021-ல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் 2.5 லட்சம் யூரோ தொகையும் விதிக்கப்பட்டன.

இரண்டிலும் டாங்கி பாதுகாக்கப்பட்டது. ஆனால், வாசலில் நிற்கும் டாங்கியைப் பார்த்து ஒரு குழந்தை 'இது யாருடையது, இங்கே என்ன செய்தது?' என்று கேட்கலாம். நிலவறையில் பூட்டிய டாங்கியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

ஜெர்மனி எப்படிக் காட்டுகிறது?

வடக்கு ஜெர்மனியில் முன்ஸ்டர் என்ற சிறு நகரம். ஏறக்குறைய இதே உச்சரிப்பில் வரும் பெரிய நகரம் வேறு. அங்கே இருக்கும் ஜெர்மன் டாங்கி அருங்காட்சியகம், 1983-ல் நகராட்சியும் ராணுவத்தின் டாங்கிப் பள்ளியும் சேர்ந்து தொடங்கியது. முதல் உலகப்போரின் மாதிரி வண்டி முதல் இன்றைய 'லெப்பர்ட்' வரை வரிசையாக நிற்கின்றன.

ஒரு ஜெர்மன் பள்ளி மாணவன் அங்கே வரும்போது பார்ப்பது எதிரியின் டாங்கியை அல்ல. தன் கொள்ளுத்தாத்தா ஓட்டியதாகக்கூட இருக்கலாம். அதனால், 'எவ்வளவு கவசம், எத்தனை குதிரைசக்தி' என்பதோடு நிறுத்திக்கொள்ள அந்த அருங்காட்சியகத்தால் முடியாது. இதன் இயக்குநரான வரலாற்றாய்வாளர் ரால்ஃப் ராட்ஸ், டாங்கிகளைச் சுற்றியுள்ள வீரசாகசக் கற்பனைகளை உடைப்பதையே முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டவர். அருங்காட்சியகத்தின் யூடியூப் சேனலிலும் அதையே செய்கிறார். ஜெர்மனியில் ஸ்வஸ்திகா போன்ற நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம். கல்வி, ஆய்வு போன்ற நோக்கங்களுக்கு மட்டும்தான் விலக்கு. இதைக் காட்டுவது கற்பிக்கவா, கொண்டாடவா என்ற கேள்வி அங்கே சட்டத்திலேயே இருக்கிறது.

அந்தக் கேள்வி பழங்கதை ஆகிவிடவும் இல்லை. 2023-ல் ஜெர்மனி தன் லெப்பர்ட்-2 டாங்கிகளை உக்ரைனுக்குக் கொடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், உக்ரைனில் சிதைந்த ஒரு ரஷ்ய டாங்கி பெர்லினில் ரஷ்யத் தூதரகத்தின் முன் நிறுத்தப்பட்டது. 2024 மே மாதம், கைப்பற்றிய லெப்பர்ட் ஒன்றை மாஸ்கோவின் வெற்றிப் பூங்காவில் ரஷ்யா காட்சிக்கு வைத்தது. 1943-ல் லண்டன் மைதானத்தில் டைகரை நிறுத்திய அதே வழக்கம். இடமும் கொடியும்தான் மாறியிருக்கின்றன. இந்த டாங்கிகளின் கதையை 80 ஆண்டுகள் கழித்து யார், எப்படிச் சொல்வார்கள் என்பது இனிமேல்தான் தெரியும்.

இயந்திரங்களின் வம்சாவளியும் அறுந்துபோகவில்லை. டைகருக்கு இன்ஜின் செய்த மேபக் நிறுவனம், 1960-களில் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து எம்.டி.யு என்ற பெயருக்கு மாறியது. சென்னை ஆவடியில் தயாராகும் நம் 'அர்ஜுன்' டாங்கிக்குள் உறுமுவது அந்த எம்.டி.யு-வின் 1,400 குதிரைசக்தி டீசல் இன்ஜின்தான்.

போவிங்டனில் காட்சி நேரம் முடிந்ததும் டைகர் மெதுவாகத் திரும்பித் தன் கூடத்துக்குப் போகிறது. இன்ஜின் அணைந்த பிறகு, மக்கள் அருகில் வந்து பார்க்கிறார்கள். பெரும்பாலானவர்களின் கண் முதலில் போவது நீளமான அந்த பீரங்கிக்கு. கொஞ்சம் நின்று பார்ப்பவர்களுக்குத்தான், அதன் அடியில் 1943 ஏப்ரல் 24-ல் குண்டு உரசிய அந்த வடு தெரியும்.